சாவி எடுத்த பிறகு

எஞ்சின் நின்றதும் நான் தேத்தண்ணியைக் கோப்பைகளில் ஊற்றினேன். இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேத்தண்ணி. அவருடைய கோப்பையைக் கதவுப் பக்கமாக வைத்து, சிறு தட்டு ஒன்றால் மூடினேன். லிந்துலையில் ஐப்பசி மாதத்துப் பின்னேரங்களில் மூடாமல் வைத்தால் இரண்டு மிடறுக்குள் ஆறிப்போகும். பிறகு ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் அவருடைய செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

எஞ்சின் நின்றால் தேத்தண்ணி ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமான முதல் மழைக்காலத்தில் தொடங்கியது.

நான் சாவகச்சேரியில் பிறந்தவள். ஆசிரியர் நியமனம் கிடைத்துத் தலவாக்கலைக்கு வந்தேன். என் கணவர் வைரவனின் அப்பாவுக்கு ஹட்டன் கடைவீதியில் இரும்புக்கடை. மூத்த மகன் கல்லாவில் உட்காருவான் என்று அவர் நினைத்திருந்தார். மூத்த மகன் கார்களுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார். லிந்துலையில் நாங்கள் குடியிருந்த வீட்டோடு ஒட்டியே அவருடைய கராஜ். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாப் பக்கம் நடக்கும் மலையேற்றப் பந்தயங்களுக்குக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் கார்கள் அங்கே வந்து நிற்கும். எல்லாம் டர்போ எஞ்சின் கார்கள். அவருடையதும் ஒன்று நின்றது. ஜப்பான் கார், நான்கு கதவு, சாம்பல் நிறம். பார்த்தால் எங்கள் பள்ளிக்கூட அதிபர் வைத்திருக்கக்கூடிய கார் போலத்தான் இருக்கும். மிதித்தால்தான் தெரியும்.

டர்போ என்றால் என்ன என்று அவர் எனக்குச் சொன்னது அந்தக் காரில் வைத்துத்தான்.

"சாதாரண எஞ்சின் மலைக்கு வந்தா இளைக்கும், டீச்சர். இங்க காத்து மெலிசு. இது இளைக்காது. வெளிய விட்ட மூச்ச வச்சே உள்ளுக்கு மூச்சத் தள்ளுது."

"அப்ப அது தன்ர மூச்சைத் தானே குடிக்குதோ?"

"குடிக்கல. அந்தப் புகை போற வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும். அந்தச் சக்கரம் வெளிக்காத்த அள்ளி உள்ள போடும். உங்க ஊர்ல கிணத்துல தண்ணி எறைப்பாங்கல்ல, அந்த மாதிரி வச்சுக்கங்க."

"எங்கட வீட்டில மோட்டர்" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

அந்தச் சக்கரம் மேடு ஏறி வந்தால் தணல் போலச் சிவந்துவிடுமாம். உடனே எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்று, அதன் தண்டில் எண்ணெய் கருகிப் பிடித்துக்கொள்ளுமாம். அதனால் ஓடி வந்த எஞ்சினைச் சும்மா முனகவிட்டு ஆறவிட வேண்டும். அதற்காகவே ஸ்டியரிங் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி பூட்டியிருந்தார். சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்காது. கருவியில் மூன்று நிமிடம் என்று சிவப்பு எழுத்தில் விழும். அது குறைந்து குறைந்து பூச்சியத்துக்கு வந்ததும் எஞ்சின் தானாக நிற்கும். அதுவரை சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கும், கதவு சாத்தியிருக்கும், ஆள் இருக்காது, கார் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல்நாள் அதைப் பார்த்து நான் பயந்து போனேன். காருக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் கைகழுவிக்கொண்டே, "அது மூச்சு வாங்குது, டீச்சர். வாங்கி முடிச்சிட்டுத் தானா தூங்கிரும்" என்றார்.

அந்த இடைவெளியில் அவர் முகம் கழுவுவார். பசி என்றால் ரோட்டைக் கடந்து பொன்னையா கடையில் பணிஸ் ரொட்டி வாங்கிவருவார். எஞ்சின் நிற்பதற்கும் அவர் படியேறுவதற்கும் சரியாக இருக்கும். எனக்கு மணிக்கூடு பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று.

அன்றும் அவர் காரை மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மூடுபனி சன்னல் வரை வந்திருந்தது. கராஜில் கார் முனகிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தபோது வெளிவாசல் படலையில் அழகன் வந்து நின்றான். சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறவன். வைரவனின் பந்தயக் குழுவில் டயர் மாற்றும் பையன்களில் அவனும் ஒருவன். குழுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருந்தார் வைரவன். அழகனும் அதைத்தான் போட்டிருந்தான். ஓடி வந்ததில் அவனுக்கு மூச்சு இரைத்தது.

"டீச்சர், அண்ணன் இருக்காரா?"

"கராஜுக்குள்ள நிக்கிறார். கேக்கேல்லையோ?"

அவன் காது கொடுத்துக் கேட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகம் இளகியதை நான் சன்னலால் பார்த்தேன்.

"அப்பாடா. ரோட்டுல யாரோ பஸ்ஸுல அடிபட்டுக் கெடக்காங்க. நம்ம ஜாக்கெட்டு மாதிரி தெரிஞ்சிச்சு. பனியில மொகம் தெரியல. நான் என்னமோ ஏதோன்னு ஓடியாந்துட்டேன்."

எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்க்கத் திரும்பி ஓடினான். எந்தத் தாய்க்கு இந்தச் செய்தி போகப்போகிறதோ என்று நினைத்து நான் அடுப்பைக் குறைத்தேன். பிறகு எஞ்சின் நின்றது. தேத்தண்ணியை ஊற்றினேன்.

பஸ்காரர் பிரேக் பிடித்த சத்தம் ரோட்டில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது எஞ்சின் மட்டும்தான். எத்தனையோ கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் காரைப் பறக்கவிட்ட மனிதன், கையில் பணிஸ் பையோடு, வீட்டு வாசலுக்கு எதிரில், நடந்து வரும்போது அடிபட்டுப் போனார். அவர் போன பிறகும் அவருடைய எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கருமாதி முடிந்து எல்லோரும் கலைந்தபின், பிரதீபன் கொழும்புக்குப் புறப்படும்போது, "அண்ணி, வாரத்துல ஒரு தடவ காரை ஸ்டார்ட் பண்ணி வைங்க. இல்லாட்டி பெட்டரி செத்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிரதீபன் வைரவனின் ஒரே தம்பி. வாகனங்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பூட்டிக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை.

நான் வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்தேன். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொரு நாளும். கொஞ்ச நேரம் எஞ்சினைச் சூடாக்குவேன். சாவியை எடுப்பேன். கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய் இஞ்சி தட்டுவேன். சுவருக்கு அப்பால் கார் முனகிக்கொண்டிருக்கும். அந்த மூன்று நிமிடத்துக்கு வைரவன் கராஜில் நின்றார். அன்றைக்கு நின்றதைப் போலவே நின்றார். எஞ்சின் நின்றதும் ஒரு கோப்பையில் மட்டும் ஊற்றுவேன்.

இது சரியில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று நிமிடம் இல்லாமல் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊரில் கதை கிளம்பிற்று. ஆளில்லாத கார் பனிக்குள் ஓடுகிறது, வைரவன் சாவியை விடவில்லை என்றார்கள். பால்காரர் படலைக்கு வெளியே போத்தலை வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். ஹட்டன் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் வீட்டு வளைவில் பயணிகளுக்குக் கைகாட்டிச் சொல்வதை நானே பின் இருக்கையில் இருந்து கேட்டிருக்கிறேன். அழகன் ஆட்டோவை மற்றச் சந்திக்கு மாற்றிக்கொண்டான்.

பொன்னையா ஒருநாள் விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். வயதான மனிதர். அன்று வைரவனுக்குக் கடைசியாகப் பணிஸ் கட்டிக் கொடுத்தவர்.

"பெட்டரிய கழட்டி வச்சிருங்கம்மா. அவரு போக வேண்டிய எடத்துக்குப் போகட்டும்."

"ஐயா, நான்தான் ஸ்டார்ட் பண்ணுறன்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சரிங்கம்மா. அப்படியே வச்சுக்குவோம்" என்று சொல்லி விபூதியைச் சன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் ஏப்ரல் பந்தயத்துக்குக் கார் போகவில்லை. அது முடிந்த பிறகு பிரதீபன் வந்து விஷயத்தைச் சொன்னான். அண்ணனின் காரில் மின்மோட்டார் பூட்டி அடுத்த ஏப்ரலில் அண்ணன் பெயரில் ஓட்டப்போகிறான். நிறுவனம் உதவி செய்யும். எஞ்சினைக் கண்டியில் ஒருவர் கேட்கிறார். கார் இப்போது என் பெயரில் இருக்கிறது. நான் சரி என்று சொன்னால் போதும்.

எங்கள் வீட்டு மேசையில் வைத்து அண்ணனும் தம்பியும் எத்தனையோ முறை இதைப் பற்றிச் சண்டை பிடித்திருக்கிறார்கள். பிரதீபன் வந்தாலே வைரவன் அவனை "கரண்டு மாப்பிள்ளை வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

"ஒன் டர்போ மிதிச்சா யோசிச்சிட்டுத்தாண்ணே வருது. மோட்டருக்கு யோசனையே கெடையாது. தொட்டா முழுப் பலமும் வரும்" என்பான் தம்பி.

"யோசிக்காம வர்றவன நம்பி வளைவுல எறங்க முடியாதுடா."

டர்போவின் தாமதத்தை வைரவன் குறையாக எண்ணியதே இல்லை. வளைவுக்கு முன்பே மிதித்துவிட வேண்டும், பலம் வளைவைத் தாண்டியபின் வந்து சேரும், அதைக் கணக்கிட்டு ஓட்டுகிறவன்தான் ஓட்டுநர் என்பார். பிரதீபன் விடமாட்டான். ஐரோப்பாக்காரரே இப்போது டர்போவின் தண்டில் சிறு மோட்டாரை வைத்து அந்தத் தாமதத்தை இல்லாமல் ஆக்குகிறார்கள், நாளைக்கு மோட்டார் மட்டும்தான் மிஞ்சும், காற்றே வேண்டாம் என்கிறபோது மலைக்காற்று மெலிசாய் இருந்தால் என்ன என்று கேட்பான். ஒருமுறை வைரவன் கோப்பையைச் சுழற்றிவிட்டுக் கீழே வைத்தார். பிறகு, "சத்தமே இல்லாம வந்தா ரோட்டுல மாடு எப்படிடா ஒதுங்கும்?" என்றார். தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் பிரதீபனுக்குப் பதில் சொல்லவில்லை. அவன் ஆடி மாதம் ஒருமுறை கேட்டான். ஆவணியில் கேட்டான். கண்டிக்காரர் வேறு எஞ்சின் பார்க்கிறாராம். வேலை தொடங்கினால்தான் ஏப்ரலுக்கு முடியுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்து மேலே கேட்கவில்லை. நல்ல பிள்ளை. அவனுக்கும் அண்ணன் ஒருவர்தான் இருந்தார், அவனும் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அவன் பிடித்துக்கொள்ள நினைத்ததும் நான் பிடித்துக்கொண்டிருந்ததும் ஒரே காராகப் போயிற்று.

வைரவனின் முதலாண்டுத் துவசம் நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. பரீட்சைத் தாள்களோடு தாமதமாக வந்தேன். பனி இறங்கிவிட்டது. இன்றைக்கு ஸ்டார்ட் செய்ய நேரம் போதாது என்று நினைத்துக்கொண்டு, சேலைகூட மாற்றாமல் அடுப்பில் தண்ணீரை வைத்தேன்.

சுவருக்கு அப்பால் எஞ்சின் உயிர்த்தது.

சாவி என் கைப்பையில் இருந்தது. கைப்பை என் தோளில் இருந்தது. கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன், சாவி விரலில் பட்டது. எஞ்சின் ஒருமுறை உயர்ந்து இறங்கி, முனகலுக்கு வந்தது. வைரவன் எப்போதும் அப்படித்தான், நிறுத்துவதற்கு முன் ஒருமுறை மிதித்து விடுவார்.

பயம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் போய் இரண்டாவது கோப்பையை எடுத்து வைத்தேன்.

பிறகுதான் வெளியே போனேன். கராஜ் கதவு திறந்திருந்தது. காருக்குள் ஒருவரும் இல்லை. ஸ்டியரிங் பக்கத்தில் சிவப்பு எழுத்து இறங்கிக்கொண்டிருந்தது. படலை திறந்து கிடந்தது. படலைக்கு அப்பால் ரோட்டைக் காணவில்லை, பனி மட்டும்தான். அந்தப் பனிக்குள் இறக்கத்தில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது.

ஓடினேன். அன்றைக்கு அடுப்படியில் இருந்து நான் போகாத தூரத்தை ஓடினேன். செருப்பு ஒன்று படலையில் கழன்றது. பஸ்ஸின் வெளிச்சம் என்னைத் தாண்டிப் போயிற்று. அது போன இடத்தில், ரோட்டின் மற்றக் கரையில், நீல ஜாக்கெட் போட்ட ஒருவன் கையில் பேப்பர் பையோடு நின்றான்.

பிரதீபன்.

"சூடா இருந்துச்சு அண்ணி, அதான் பணிஸ்…" என்று தொடங்கியவன் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். சொல்லாமல் ரயிலில் வந்திருக்கிறான். அண்ணன் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டும் கராஜின் சாவியும் காரின் மாற்றுச் சாவியும் அவனிடம் எப்போதும் இருந்தவை. நான் இன்னும் வரவில்லை என்று நினைத்து, காரைப் பார்க்கலாம் என்று ஸ்டார்ட் செய்திருக்கிறான். ரோட்டைக் கடந்து அவனிடம் போனேன். அவனுடைய ஜாக்கெட் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. பொன்னையா கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். எங்களுக்குப் பின்னால் கராஜில் எஞ்சின் நின்றது. அந்த அமைதி ரோட்டைத் தாண்டியும் கேட்டது.

வளைவுக்கு முன்பே மிதித்தது வளைவு தாண்டி வந்து சேரும் என்று வைரவன் சொல்வாரே, அவருடைய சாவு எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஒரு வருடம் கழித்து, அந்த இடத்தில் நின்றபோது.

ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று அந்தச் சத்தம் சொல்லும். இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. அன்றைக்கு அழகனிடமும் என்னிடமும் அப்படித்தான் சொன்னது. இன்றைக்கு இந்தப் பிள்ளை பஸ்ஸில் அடிபட்டிருந்தாலும் எனக்கு அதையேதான் சொல்லியிருக்கும். நான் கோப்பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

"தம்பி, எஞ்சினைக் கழட்டு."

"நெசமாவா அண்ணி?"

"ஓம். நாளைக்கே தொடங்கு."

அடுத்தநாள் காலையில் கப்பியும் சங்கிலியும் வந்தன. தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று பிரதீபன் அழகனுக்கு ஃபோன் எடுத்தான். வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அதே படலையில், அதே இடத்தில் நின்றான்.

"டீச்சர், அன்னைக்கி நான் திரும்பிப் போகாம கராஜுக்குள்ள ஒரு எட்டு பார்த்திருந்தா…"

"நானும் அதே சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டனான், அழகன். உள்ள வா. தேத்தண்ணி குடி."

அவன் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

எஞ்சின் சங்கிலியில் தொங்கியபோது அது அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பிரதீபன் டர்போவைத் தனியே கழற்றி, துடைத்து, என் கையில் தந்தான். நத்தை ஓடு மாதிரி இருந்தது, கனம். உள்ளே இருந்த சக்கரத்தை விரலால் தட்டச் சொன்னான். தட்டினேன். ஒரு உரசலும் இல்லாமல் சுழன்றது.

"தண்டுல ஒரு பொட்டுக் கரி இல்ல அண்ணி. இத்தன வருசப் பந்தயத்துக்கு இது இந்நேரம் கருகி இறுகிருக்கணும். ஒரு நாள்கூட ஆற விடாம நிறுத்தல அவரு."

அது சுழன்று நிற்கும்வரை கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கண்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போனார்.

ஏப்ரலில் பந்தய மேட்டின் நடு வளைவில், தேயிலைக்கு மேல் கட்டிய கயிற்றுக்குப் பின்னால், சனத்தோடு சனமாக நின்றேன். மற்றக் கார்கள் வருவது மூன்று வளைவுக்கு முன்பே கேட்கும். மேடு முழுக்க முழங்கும், டர்போ காற்றைக் கக்கும் சத்தத்துக்குப் பொடியன்கள் கூக்குரல் போடுவார்கள். சாம்பல் நிறக் கார் அப்படி வரவில்லை. ஒரு காகம் கத்துவது கேட்டது. டயர் கற்களை அரைப்பது கேட்டது. எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போதே அது வளைவில் திரும்பி எங்களைத் தாண்டிப் போய்விட்டது. கதவில் வைரவனின் பெயர். யாரும் கூக்குரல் போடவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பின்னேரம் பிரதீபன் காரை வீட்டுக்கு ஓட்டிவந்தான். வீடு நெருங்கியதும், "அண்ணனோட நேரத்த விட வேகமா வந்துட்டேன் அண்ணி" என்றான். தப்புச் செய்தவன் சொல்வது போலச் சொன்னான். அவர் இருந்திருந்தால் உன்னைப் பந்தயம் முடிந்த இடத்திலேயே தூக்கியிருப்பார், பிறகு மாட்டுக் கதையைத் தொடங்கியிருப்பார் என்றேன். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு தலையாட்டினான்.

கராஜில் காரை விட்டான். நிறுத்துவதற்கு இப்போது ஒன்றுமில்லை, சத்தம்தான் முன்பே இல்லையே. சாவியை எடுத்துக்கொண்டு, ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த தீப்பெட்டி அளவுக் கருவியைத் தொட்டுக் காட்டினான்.

"இத கழட்ட மறந்துட்டேன். இதுக்கு இனி வேலையில்ல, பெட்டரி கரண்டுல சும்மா எண்ணிக்கிட்டு மட்டுந்தான் இருக்கு. எடுத்துரவா?"

"வேண்டாம். அது இருக்கட்டும்."

நான் இறங்கிப் போய் இஞ்சி தட்டினேன். சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. அடுப்படியை விட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். பிரதீபன் இறங்காமல் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தான். அது முடிந்ததும் கதவைத் திறந்தான். நான் இரண்டு கோப்பைகளில் ஊற்றினேன்.

அவன் கொழும்புக்குப் போய்விட்டான். கார் கராஜில் நிற்கிறது. சாவியை எடுத்தால் கருவி இப்போதும் மூன்று நிமிடத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது.